ரைடிங் மோவர் பிளேடு: புல்லில் தெரியும் கோளாறும் அதற்கேற்ற பிளேடும்

ரைடிங் மோவரில், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியில், புல் ஒழுங்காக வெட்டுப்படவில்லை என்றதும் முதலில் தோன்றுவது புது பிளேடு வாங்கிவிடலாம் என்பதுதான். பல சமயம் கோளாறு பிளேடில் இருக்காது. அப்படியே இருந்தாலும், அட்டையில் "42 அங்குல மோவருக்கு" என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் ஒரு தொல்லை போய் இன்னொரு தொல்லை வரும். அதனால் புல்லில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். எந்தக் கோளாறுக்கு எந்தப் பிளேடு, எதற்குப் பிளேடே தேவையில்லை என்பது அங்கிருந்தே பிடிபடும்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். பிளேடின் நீளம், நடுத்துளை, தடிமன் மூன்றும் மெஷின் கேட்பவை. அளந்து அப்படியே வாங்க வேண்டும், நம் இஷ்டத்துக்கு இடமில்லை. நாம் தேர்ந்தெடுப்பது இறக்கையை மட்டும்தான். பிளேடின் பின்விளிம்பில் மேல்நோக்கி வளைந்து நிற்கிறதே, அந்தப் பகுதிக்குத்தான் இறக்கை என்று பெயர். பிளேடு வாங்கி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் கலந்து குழப்பிக்கொண்டவர்கள்.

டெக்குக்கு அடியில் கை விடும் முன்

டெக் என்பது பிளேடுகளை மேலிருந்து மூடியிருக்கும் தகட்டுக் கூடு. மோவரைச் சமதரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் எஞ்சின் என்றால் ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்ற வேண்டும். இரட்டை சிலிண்டராக இருந்தால் இரண்டு பிளக் இருக்கும், இரண்டையுமே. பேட்டரி மோவரில் கையேடு சொல்கிறபடி மின் இணைப்பைத் துண்டியுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டோ ராம்ப்போ கட்டாயம் வேண்டும். மழுங்கின பிளேடுதானே என்று கையுறையை விட்டுவிடாதீர்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஒரு பிளேடைக் கையால் திருப்பினால் பெல்ட் வழியாக மற்ற பிளேடும் சேர்ந்து சுற்றும். இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு திருப்புங்கள்.

கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் கீழே இருந்தது, வாஷர் எந்த வரிசையில் இருந்தது என்பது ஒரு மணி நேரம் கழித்துச் சத்தியமாக நினைவிருக்காது.

புல் நுனி வெளுத்து, பிசிறாகக் கிழிந்திருக்கிறது

வெட்டிய மறுநாள் புல்வெளி முழுக்க லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். இரண்டு மூன்று நாளில் அது பழுப்பாகும். குனிந்து ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். கூரான பிளேடு வெட்டியிருந்தால் நுனி கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் நேராக இருக்கும். மழுங்கின பிளேடு அடித்த இலையில் பச்சைச் சதை பிய்ந்துபோய், நரம்பின் நார் மட்டும் வெள்ளை நூலாகத் தொங்கும். அந்த நூலைப் பார்த்துவிட்டால் வேறு சோதனை வேண்டாம்.

இதற்கு உடனே புது பிளேடு தேவையில்லை, சாணை பிடித்தால் போதும். பொதுவாக 20, 25 மணி நேரம் ஓடியதும் ஒரு தடவை பிடிக்கலாம். ஏற்கெனவே இருக்கும் சாய்வையே பின்பற்றுங்கள். பெரும்பாலான பிளேடுகளில் அது 30 பாகையை ஒட்டி இருக்கும். சவரக்கத்தி கூர்மைக்கு ஆசைப்பட வேண்டாம். அவ்வளவு மெல்லிய விளிம்பு முதல் கல்லிலேயே மடங்கிவிடும். கிரைண்டரில் இரும்பு நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால் அந்த இடத்தின் பதம் போய்விடும், அதனால் விட்டு விட்டுத் தேயுங்கள்.

சரி, எப்போது மாற்றியே ஆக வேண்டும்? பிளேடின் தட்டையான பகுதி முடிந்து இறக்கை வளையத் தொடங்கும் இடத்தை விரலால் தடவுங்கள். மண்ணும் மணலும் சுழன்று அரிப்பது முதலில் அந்த இடத்தைத்தான். அங்கே பள்ளம் விழுந்து தகடு மெலிந்திருந்தால், இறக்கை தனியாகப் பிய்ந்து பறக்கும் நாள் தூரத்தில் இல்லை. கீறல் தெரிந்தாலோ, பிளேடு வளைந்திருந்தாலோ சாணை என்ற பேச்சே வேண்டாம். சுத்தியலால் தட்டி நேராக்குவதும், வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. அமெரிக்கப் பாதுகாப்புத் தரமான ஏஎன்எஸ்ஐ பி71.1, பிளேடு முனையின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்கிறது. அது மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் சுழலும் இரும்பில் ஒட்டு வேலை எதற்கு?

நடுவில் ஒரு கோடு வெட்டாமல் நிற்கிறது

போன தடம் முழுக்க நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் புல் சீப்பு வாரிய மாதிரி நின்றுகொண்டிருக்கும். இரண்டு பிளேடும் சந்திக்கும் இடம் அது. டெக்கில் ஒரு பிளேடு வெட்டும் தடத்துக்குள் மற்றதன் தடமும் கொஞ்சம் வந்து போகும்படி அமைத்திருப்பார்கள். இரண்டு தடமும் அப்படி ஒன்றன்மேல் ஒன்று படிவது குறைந்தால் கோடு விழும்.

முதலில் பார்க்க வேண்டியது: நேராகப் போகும்போதும் கோடு விழுகிறதா, வளைந்து திரும்பும்போது மட்டுமா? திரும்பும்போது மட்டும் என்றால் வளைவை அகலமாக எடுங்கள், பிளேடில் குற்றமில்லை. நேராகப் போகும்போதும் விழுந்தால் எஞ்சின் முழு வேகத்தில் இருக்கிறதா, பெல்ட் வழுக்குகிறதா, டெக்கின் அடியில் பழைய புல் கட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிளேடுக்கு வாருங்கள். காய்ந்த புல் இரண்டு விரல் தடிமனுக்கு அப்பிக்கொண்டிருந்த டெக்கைப் பார்த்திருக்கிறேன். சுரண்டி எடுத்ததும் கோடும் போய்விட்டது, ஆர்டர் போட்ட பிளேடு அலமாரியில் தூங்கியது.

பிளேடு என்று உறுதியானால், கழற்றித் தரையில் வைத்து நீளத்தை அளக்க வேண்டும். இங்கேதான் தப்பு நடக்கும். டேப்பைப் பிளேடின் ஓரத்தோடு ஓரமாகப் பிடிக்கக் கூடாது. ஒரு வெட்டு முனையின் வெளி மூலையில் தொடங்கி, நடுத்துளையின் மேலாக, எதிர்ப்பக்கத்து வெட்டு முனையின் வெளி மூலை வரை குறுக்காகப் பிடிக்க வேண்டும். சுழலும்போது வட்டம் போடுவது அந்த இரண்டு மூலைகள்தான். ஓரமாக அளந்தால் கொஞ்சம் குறைவாக வரும், அதை நம்பி வாங்கினால் அந்தக் கோடு நிரந்தரமாகிவிடும்.

பழைய பிளேடின் மூலைகள் தேய்ந்து உருண்டிருக்கும் என்பதால் அளவும் சற்றுக் குறைவாகவே வரும். கையேட்டில் இருக்கும் நீளத்தோடு ஒப்பிடுங்கள். 42 அங்குல டெக்கில் வழக்கமாக இரண்டு பிளேடு, ஒவ்வொன்றும் 21 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஆனால் கால் அங்குலம் முன்னே பின்னே மாடலுக்கு மாடல் மாறும். 54 அங்குல டெக்குகளில் பெரும்பாலும் மூன்று பிளேடு. டெக் அகலத்தை எண்ணிக்கையால் வகுத்துப் பிளேடு நீளம் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள்.

கோடு விழாமலிருக்க ஒரு அரை அங்குலம் நீளமான பிளேடு போட்டால் என்ன என்று தோன்றும். 21 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 3,450 தடவை சுற்றினாலே மேலே சொன்ன 19,000 அடி வரம்பைத் தொட்டுவிடும். நீளம் கூடினால் அதே சுற்றில் முனை வேகமும் கூடும். டெக்கின் ஓரத்தில் இடிப்பது, பக்கத்துப் பிளேடில் மோதுவது எல்லாம் அதற்கு மேல்.

படிக்கட்டு மாதிரி ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு

பிளேடைத் தொடும் முன் நாலு டயரிலும் காற்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பல தடவை அதோடு கதை முடிந்துவிடும். அப்புறம் டெக்கின் மட்டம். இடது வலது பிளேடு முனைகளுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பல கையேடுகளில் கால் அங்குலத்தை ஒட்டிச் சொல்லியிருப்பார்கள்.

மட்டம் சரியாக இருந்தும் படி விழுந்தால், வளைந்தது பிளேடா, பிளேடைத் தாங்கிச் சுழலும் அச்சான ஸ்பிண்டிலா என்று பிரித்தறிய வேண்டும். ஒரு முனைக்கு நேர் கீழே தரையில் ஒரு கட்டையை வைத்து, முனைக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளேடை அரைச் சுற்றுத் திருப்பி, அதே இடத்தில் அடுத்த முனையை அளங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது. இப்போது நேரானது என்று தெரிந்த இன்னொரு பிளேடை அதே ஸ்பிண்டிலில் மாட்டி மறுபடி அளங்கள். வித்தியாசம் போய்விட்டால் குற்றவாளி பழைய பிளேடு. போகவில்லை என்றால் ஸ்பிண்டில், எத்தனை பிளேடு மாற்றினாலும் தீராது. வேரிலோ நடைபாதை ஓரத்திலோ ஒரு தடவை பலமாக மோதிய மோவரில் இரண்டையுமே பார்க்க வேண்டும்.

அதிர்வு: இருக்கையும் ஸ்டீயரிங்கும் நடுங்குகின்றன

திடீரென்று தொடங்கிய அதிர்வு என்றால் உடனே பிளேடை நிறுத்துங்கள். எதிலோ மோதி வளைந்திருக்கும், அல்லது போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது இறக்கையில் ஒரு துண்டு போயிருக்கும். ஓட்டிக்கொண்டே வீடு வரை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற ரகம் இல்லை இது.

சாணை பிடித்த பிறகு தொடங்கிய அதிர்வு என்றால் எடைச் சமன் போயிருக்கிறது, அதாவது ஒரு பக்கம் அதிகம் தேய்த்துவிட்டீர்கள். சுவரில் ஓர் ஆணியைக் கிடையாக அடித்து நடுத்துளையை அதில் மாட்டிப் பிளேடைக் கிடைமட்டமாக விடுங்கள். கீழே இறங்குகிற பக்கம் கனமான பக்கம். அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தேயுங்கள், வெட்டு விளிம்பைக் குறுக்காமல். நடுத்துளை நட்சத்திர வடிவில் இருந்தால் ஆணி ஒரு மூலையில் சாய்ந்து பொய் சொல்லும் என்பதால் அதற்குக் கூம்பு வடிவப் பேலன்சர் நல்லது.

கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தாலோ பேரிங் போயிருக்கிறது. அதை முதலில் மாற்றுங்கள்.

கட்டி கட்டியாகப் புல் விழுகிறது, பை நிறையவில்லை

இறக்கை பற்றிய பேச்சு இங்கேதான். சுழலும்போது இறக்கை ஒரு விசிறி மாதிரி வேலை செய்கிறது. காற்றை மேலே இழுத்து, படுத்திருக்கும் புல்லை நிமிர்த்தி, வெட்டின துண்டைத் தூக்கி வெளியே தள்ளுகிறது. இறக்கை எவ்வளவு உயரமோ அவ்வளவு இழுப்பு. இழுப்புக்கு ஏற்ற மாதிரி எஞ்சினும் உழைக்க வேண்டும்.

பை மாட்டி அள்ளுகிறீர்கள், புல் அடர்த்தி என்றால் ஹை லிஃப்ட் பிளேடு, அதாவது இறக்கை உயரமான ரகம். புல் குழாய் வழியாக ஏறிப் பையில் போய் விழ அந்த இழுப்பு வேண்டும். பக்கவாட்டில் வெளியே தள்ளுகிறவர்களுக்கு, மோவரோடு வந்த சாதாரண நடுத்தர இறக்கையே பெரும்பாலும் போதும்.

மல்ச்சிங் பிளேடின் வேலை இதற்கு நேர்மாறு. அதன் விளிம்பு நீளம், வளைவுகள் அதிகம். துண்டை வெளியே விடாமல் டெக்குக்குள்ளேயே சுற்றவிட்டு, இன்னும் இரண்டு மூன்று தடவை நறுக்கி, மண்ணில் உதிர்க்கும். அதற்கு டெக்கில் புல் வெளியே விழும் வாயை மூடும் தகடும் வேண்டும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மல்ச்சிங் பிளேடு மட்டும் மாட்டினால் இரண்டும் கெட்டான் நிலைதான்: நறுக்கவும் நறுக்காது, தூர எறியவும் எறியாது, வரிசையாகக் கட்டி விழும். பை நிறையவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்கு முன்பு யாரோ மாட்டிவைத்த மல்ச்சிங் பிளேடுதான் காரணமாக இருக்கும். மோவரைப் பழையதாக வாங்கியிருந்தால் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள்.

இறக்கையில் பல் பல்லாக வெட்டு வைத்த பிளேடும் உண்டு. ஓரகன் நிறுவனம் கேட்டர் என்ற பெயரில் விற்பது அந்த ரகம். நறுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். உதிர்ந்த இலைகளைப் பொடியாக்குவதில் நன்றாக இருக்கும். என் கருத்தில், அடிக்கடி பிளேடு மாற்றச் சோம்பல்படுகிறவர்களுக்கு அது நல்ல சமரசம்.

ஆனால் எந்தப் பிளேடும் ஈரப் புல்லை ஜெயிக்காது. புல் காய்ந்ததும் வெட்டுங்கள், ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அப்படியும் கட்டி விழுந்தால்தான் பிளேடை மாற்றும் யோசனை.

புது பிளேடு போட்டதும் எஞ்சின் திணறுகிறது

ஹை லிஃப்ட் போட்டிருப்பீர்கள். அடர்த்தியான இடத்தில் சத்தம் இறங்கி, வேகம் விழுந்து, மறுபடி ஏறும். சின்ன எஞ்சினுக்கு அந்த இறக்கை பாரம்தான். தடிமன் கூடின கனமான பிளேடும் இதையே செய்யும், அதோடு பெல்ட்டையும் கிளட்ச்சையும் சீக்கிரம் தேய்க்கும். கையேடு சொல்லும் தடிமனுக்குத் திரும்புங்கள். சாதாரண இறக்கை போட்டும் திணறினால் பிளேடை விட்டுவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

புழுதி கிளம்புகிறது, இறக்கை சீக்கிரம் தேய்கிறது

மணல் மண்ணில், காய்ந்த நிலத்தில் இது நடக்கும். ஹை லிஃப்ட் பிளேடு புல்லோடு மணலையும் உறிஞ்சிச் சுழற்றும். அந்த மணலே பிளேடுக்கு உப்புத்தாள். இங்கே லோ லிஃப்ட் வாங்குங்கள். இறக்கை தாழ்ந்திருப்பதால் இழுப்பு குறைவு, புழுதியும் குறைவு, பிளேடும் அதிக நாள் உழைக்கும். பை மட்டும் ஒழுங்காக நிறையாது.

புது பிளேடு உட்கார மாட்டேன் என்கிறது

நீளம் சரி, இறக்கை சரி, துளை மட்டும் வேறு. சிலவற்றில் வட்டத் துளை, சிலவற்றில் நட்சத்திரம். நட்சத்திரத்திலும் ஐந்து முனை, ஆறு முனை, ஏழு முனை என்று உண்டு. ஹஸ்க்வர்னா ரைடிங் மோவர்களில் ஐந்து முனையும், எம்டிடி நிறுவனத்தின் குடும்பத்து மோவர்களில் ஆறு முனையும் பரவலாகப் பார்க்கலாம். ஆனால் பிராண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே நிறுவனம் ஒரே டெக் அளவுக்கு வேறு வேறு ஆண்டுகளில் துளையை மாற்றியிருக்கும்.

முதல் தடவை நான் மாட்டிக்கொண்டது இதில்தான். ஆறு முனைத் துளையை ஐந்து முனை ஸ்பிண்டில் மேல் வைத்தேன். கிட்டத்தட்டப் பொருந்தின மாதிரியே இருந்தது. போல்ட்டை இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று இறுக்கினேன், இறுகவும் செய்தது. சந்தேகத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது பிளேடுக்கும் ஸ்பிண்டில் முகத்துக்கும் நடுவே நூல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. நல்லவேளை, எஞ்சினை ஓடவிடும் முன் பார்த்தேன். முனைகளை எண்ணுவதற்கு ஐந்து நொடி ஆகாது.

நம்பகமான வழி, பழைய பிளேடில் அச்சடித்திருக்கும் பாகம் எண்ணைப் படிப்பது. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் பெரும்பாலும் தெரியும். தெரியாவிட்டால் மோவரின் மாடல் எண் ஒட்டியிருக்கும் இடம் இருக்கையின் அடியோ ஃபெண்டரின் உள்பக்கமோ. அந்த எண்ணுக்கு இணையானது என்று குறிப்பிட்டு வேறு நிறுவனங்கள் செய்யும் பிளேடுகளும் நன்றாகவே உழைக்கும். வாஷர் அடுக்கி எந்தத் துளைக்கும் பொருத்தும் பொதுப் பிளேடுகளை மட்டும் ரைடிங் மோவரில் போட வேண்டாம்.

இரண்டு பிளேடும் மோதுகின்றன

சில டெக்குகளில் இரண்டு பிளேடும் பல் வைத்த பெல்ட்டால் பிணைக்கப்பட்டு, ஒன்றுக்கொன்று 90 பாகையில் நின்றபடியே சுழலும்படி அமைத்திருப்பார்கள். ஒன்று கிழக்கு மேற்கு என்றால் மற்றது வடக்கு தெற்கு. பெல்ட் ஒரு பல் தாண்டினாலும் மோதல்தான். மாட்டியதும் கையால் இரண்டு முழுச் சுற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைத் தொட வேண்டும். சாதாரணப் பெல்ட் உள்ள டெக்கில் மோதினால் நீளம் தப்பான பிளேடு வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

புது பிளேடு, பழையதைவிட மோசமாக வெட்டுகிறது

தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். இறக்கை டெக்கைப் பார்த்து மேலே நிற்க வேண்டும், தரையைப் பார்க்கக் கூடாது. பல பிளேடுகளில் புல் பக்கம் எது என்று அச்சடித்தே இருக்கும். வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் ஒரு தடவை செய்ததுதான்.

இறுக்கும்போது

பிளேடு சுற்றாமலிருக்க டெக்குக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து இறுக்குங்கள். கழற்றும்போதே போல்ட் எந்தப் பக்கம் திரும்பியது என்று கவனியுங்கள். சிலவற்றில் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டிய மரை இருக்கும். குழிந்த வாஷர் இருந்தால் குழிப் பக்கம் பிளேடை நோக்கி. இறுக்கம் மாடலுக்கு மாடல் வேறு: ஒன்றுக்கு 45 முதல் 55 அடி-பவுண்டு, இன்னொன்றுக்கு 70 முதல் 90. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் கையேட்டு எண்ணை வைத்து இறுக்குங்கள், இம்பாக்ட் கன்னால் அடித்து விடாதீர்கள். மரை தேய்ந்த போல்ட்டைப் பிளேடோடு சேர்த்து மாற்றிவிடலாம்.

அரை மணி நேரம் வெட்டியதும் நிறுத்தி, சாவியை எடுத்து, போல்ட்டை மறுபடி ஒரு தடவை சரிபாருங்கள். கையோடு கையாகப் பிளேடின் பாகம் எண்ணையும் குறுக்கு நீளத்தையும் முனை எண்ணிக்கையையும் எஞ்சின் மூடியின் உள்பக்கம் அழியாத மார்க்கரில் எழுதிவிட்டால் அடுத்த தடவை டெக்குக்கு அடியில் படுக்காமலே ஆர்டர் போடலாம்.